தலையாட்டிப் பொற்கொடி

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா, பேரு பொற்கொடி. டேய், புரண்டுக்கிட்டே இருக்காத, ம் கொட்டு.

அவளுக்குக் காது சரியாக் கேக்காது. மெஷின் மாட்டியிருப்பா. ஆனா வகுப்புல ஃபேன் சத்தம், பிள்ளைங்க சத்தம் எல்லாம் ஒண்ணாச் சேந்து கொர்ர்ருன்னு உள்ள வரும். பேசுறவங்க வாயைப் பாத்துத்தான் புரிஞ்சுக்குவா. "கேக்கல, திரும்பச் சொல்லு"ன்னா சிரிப்பாங்களோன்னு பயம். அதனால யாரு என்ன கேட்டாலும் தலையாட்டிருவா. ம்?

ஒருநாள் சத்துணவு சாப்பிடுறப்போ, பக்கத்துல இருந்த ரிச்சர்டு வாய் நிறையச் சோத்தோட என்னமோ கேட்டான். தலையாட்டுனா. லபக்! அவ முட்டை போச்சு. அப்புறம் ஒருத்தி ஓடிக்கிட்டே என்னமோ கேட்டா. தலையாட்டுனா. சாயங்காலம் வகுப்பு பூரா தனியாப் பெருக்குனா, சரக் சரக். அப்புறம் கணக்கு சார் போர்டுல எழுதிக்கிட்டே என்னமோ கேட்டாரு. அதுக்கும் தலையாட்டுனா!

எதுக்குச் சரின்னோம்னே தெரியல பாவி மகளுக்கு.

மறுநாள் சார் சாக்பீஸை நீட்டுறாரு. "நேத்து வர்றேன்னியே, வந்து இந்தக் கணக்கைப் போடு." அப்போதான் விஷயம் விளங்குச்சு. சாக்பீஸை வாங்கிட்டு வகுப்புக்கு முன்னாடி போய் நிக்கிறா. அவ முழிக்கிறதைப் பாத்துட்டு சாரே போர்டு பக்கம் திரும்பி இன்னொரு தடவை விளக்குனாரு. "எல்லாருக்கும் புரிஞ்சுதா?"

வகுப்பே டக்கு டக்குன்னு தலையாட்டுது.

முன்னாடி நின்னு அத்தனை முகத்தையும் அவ பாத்தது அன்னைக்குத்தான். தலை ஆடுது, கண்ணு பேந்தப் பேந்த முழிக்குது. தலையாட்டுறதுல அவளை ஏமாத்த முடியுமா? அட, இதுங்களும் நம்ம கூட்டம்தானா!

"புரியல சார். நீங்க போர்டைப் பாத்துப் பேசுனா எனக்கு உங்க வாய் தெரியல. இந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்க சார்."

ஒரு வழியாச் சொல்லிட்டா.

அப்போ ரிச்சர்டு எந்திரிச்சான். "சார், எனக்குக் காது நல்லாக் கேக்குது. ஆனா எனக்கும் புரியல."

அப்புறம் ஒரு கை, அப்புறம் இன்னொரு கை, மளமளன்னு பாதி வகுப்பு கையைத் தூக்கிருச்சு. "அடப்பாவிகளா, அப்போ இத்தனை நாளா?"ன்னு சார் தலையில கை வெச்சுக்கிட்டாரு. பிறகு அவங்க பக்கம் திரும்பி நின்னு முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு.

மறுநாள் ரிச்சர்டு வாயில இருந்த சோத்தை முழுங்கிட்டு, அவ முகத்துக்கு நேரா வந்து, "முட்டை தர்றியா?"ன்னான்.

"மாட்டேன், போடா!"

என்னடா, ம் கொட்டுறியா, தூக்கத்துல தலையாட்டுறியா? சரி, புரியலேன்னா காலையில திரும்பக் கேளு, நான் சிரிக்க மாட்டேன். பொற்கொடி முட்டையைத் தின்னாச்சு, கதை முடிஞ்சாச்சு, கண்ணை மூடு.