இல்லைப் பலகை

ஜெனோவா டீச்சருக்கு முப்பத்தொரு வயது. அவரிடம் வெப்சைட் செய்யப் படிக்க வந்த பலவேசத்துக்கு ஐம்பது. யார் யாருக்கு முதலில் வணக்கம் சொல்வது என்று ஒரு வாரம் குழப்பமாக இருந்தது. அப்புறம் அவர் டீச்சர் என்றார், இவர் அண்ணாச்சி என்றார். பாடம் நடந்தது.

தூத்துக்குடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியறையில் வகுப்பு. டீச்சர் அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பதிலுக்கு ஒரு கேள்வி வரும், இல்லாவிட்டால் டீ வரும். முன்னால் படித்த ரெண்டு பேர் இதற்காகவே நின்றுவிட்டார்கள். பலவேசம் நிற்கவில்லை. கப்பல் ஏஜென்ட் ஆபீசில் இருபத்தாறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவர். ஆபீசை மூடிவிட்டார்கள். இந்த வயசில் வேறு எங்கே போவது?

எட்டு மாதம் ஆனதும் கேட்டார்.

"டீச்சர், நான் எப்ப தனியா வேலை எடுக்கலாம்?"

"உங்க சிநேகிதர் ஒருத்தர் ஹோட்டல் வச்சிருக்கார்னு சொன்னீங்களே."

"சூசை மெஸ். மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம். சின்னக் கடை."

"அதுக்கு ஒரு வெப்சைட் செஞ்சு கொண்டாங்க. அது வேலை செஞ்சா நீங்க கிளம்பலாம்."

பலவேசம் சிரித்துவிட்டார். சூசை கடையில் மொத்தமே நாலு பெஞ்சு. அடுப்படியில் அவர் மனைவி ஞானப்பூ, பரிமாறச் சூசை. மத்தியானம் மட்டும் மீன் சாப்பாடு. இதற்கு ஒரு வாரம் போதும் என்று நினைத்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் சோறு தண்ணி மறந்து உழைத்தார். முதல் மாதமே சைட்டை ஊர் பார்க்க ஏற்றிவிட்டார். மிச்ச ரெண்டு மாதமும் அதற்குப் பொட்டு வைத்துப் பூ வைத்துக்கொண்டிருந்தார். வருஷம் முழுக்கச் சூசை கடையில் எதையெல்லாம் சமைத்தார்களோ அத்தனையும் கேட்டு எழுதி, நாற்பத்திரண்டு பதார்த்தம் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். தொட்டால் படம் பெரிதாகும். முகப்பில் அலை அடிக்கும். அடியில் சின்ன எழுத்தில், 'உருவாக்கம்: பலவேசம்'.

டீச்சர் தன் போனில் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பலவேசம் நின்றுகொண்டே இருந்தார்.

"எல்லா பட்டனும் வேலை செய்யுது" என்றார் டீச்சர்.

"அப்ப சைட்டு வேலை செய்யுதுல்லா?"

டீச்சர் முகப்புப் படத்துக்குத் திரும்பிப் போனார். கடை வாசலின் படம் அது. இரண்டு விரலால் பெரிதாக்கினார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ரெண்டு ஆணி. ஆணிகளுக்குக் கீழே ஒரு சதுரம் மட்டும் சுண்ணாம்பு மங்காமல் வெள்ளையாக இருந்தது.

"இதுல என்ன மாட்டியிருந்தது அண்ணாச்சி?"

"அதுவா? ஒரு பழைய பலகை. மீன்பிடி வள்ளத்துல கழண்டது. அதுல சாக்பீஸால எழுதிப் போட்டிருப்பான். படத்துக்கு அசிங்கமா இருந்துச்சு. நான்தான் கழட்டச் சொன்னேன்."

"என்ன எழுதியிருந்தார்?"

"அதைக் கேக்காதீங்க டீச்சர். நண்டு இல்லை, கணவாய் இல்லைன்னு தெனமும் இல்லாததையா எழுதுவான். ஹோட்டல் வாசல்ல யாராவது இல்லை இல்லைன்னு எழுதி வைப்பாங்களா? லட்சணமாவா இருக்கு?"

"அங்க போய் ஒரு நாள் சாப்பிட்டுட்டு வாங்க."

"முப்பது வருஷமா அங்கதான டீச்சர் சாப்பிடுதேன்."

"கடைசியா எப்ப?"

பலவேசம் யோசித்தார். சைட் வேலையில் உட்கார்ந்த பிறகு சாப்பிட அந்தப் பக்கம் போகவேயில்லை. படம் எடுக்கப் போனதுதான் கடைசி. அன்றைக்கும் சாப்பிடவில்லை.

மறுநாள் மத்தியானம் ஒரு மணிக்குப் போனார். வழக்கமாக அந்த நேரத்துக்கு உட்கார இடம் இருக்காது. துறைமுகத்து லோடுமேன்கள் நாலு பெஞ்சையும் அடைத்துக்கொண்டு, சூசையைக் கிண்டலடித்துக்கொண்டு, குழம்பு வாங்கிக் குடித்துக்கொண்டிருப்பார்கள். இன்றைக்கு ஒருத்தரும் இல்லை. மதுரையிலிருந்து காரில் வந்த ஐந்து பேர் மட்டும் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். சூசை இலை போட்டார், தண்ணீர் வைத்தார்.

"நண்டு மசாலா ரெண்டு" என்றார் அவர்களில் பெரியவர். போனைத் திருப்பிக் காட்டினார். "இதைப் பாத்துத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்."

சூசை போனைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். அங்கே ரெண்டு ஆணிதான் இருந்தது.

"இருக்குங்க" என்றார்.

அடுப்படியில் ஞானப்பூ அடுப்பைத் தணித்தார். கூடையை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். அரை மணி நேரம் கழித்து நண்டு வந்தது. மதுரைக்காரர்கள் பாதி தின்றார்கள், பாதியை இலையிலேயே வைத்து மூடினார்கள். குறை சொல்லவில்லை. இன்னொரு தடவை வருகிறோம் என்றும் சொல்லவில்லை.

கார் போன பிறகு பலவேசம் இலையில் அதே நண்டு விழுந்தது. ஒரு கால் உடைத்து வாயில் வைத்தார். பஞ்சு மாதிரி இருந்தது. முப்பது வருஷத்தில் இந்தக் கடையில் இப்படி ஒரு நண்டை அவர் தின்றதில்லை.

"ஏல சூசை. இது இன்னைக்குப் பிடிச்ச நண்டா?"

"ஐஸ்ல கெடந்தது."

"நீ எப்ப இருந்துல ஐஸ் மீன் வாங்குத?"

சூசை பெஞ்சைத் துடைத்தார். துடைத்த பெஞ்சையே மறுபடியும் துடைத்தார்.

"எலை போட்டாச்சேலே" என்றார். "எலை போட்டு உக்காந்த மனுசங்கிட்ட இல்லைன்னு எப்படிச் சொல்ல? எங்கப்பா காலத்துல இருந்து அது கெடையாது. அதுக்குத்தான வாசல்லயே எழுதிப் போடுதது. இல்லாதத செருப்பக் கழட்டும் முன்ன சொல்லிரணும். உள்ள வந்து கை கழுவிட்டா, அப்புறம் இருக்குதுன்னுதான் சொல்லணும்."

"லோடுமேன்லாம் எங்க?"

"அவங்க கடல் மீன்லயே ஊறுன நாக்குக்காரங்க. ஒரு வாரம் தின்னு பாத்தாங்க. ஒண்ணும் சொல்லல. வரதும் இல்ல."

ஞானப்பூ அடுப்படி வாசலில் வந்து நின்றார். "மாதா கோயில் திருவிழா முடிஞ்சதும் கடைய மூடிரலாம்னு இவுக சொல்லுதாக அண்ணாச்சி. எனக்கு இந்தக் கைய வச்சுக்கிட்டு வேற என்ன தெரியும்? நீங்களாவது கேளுங்க."

பலவேசம் சூசை பக்கம் திரும்பினார்.

"ஏம்ல எங்கிட்ட சொல்லல? ஒரு போன் போட்டிருந்தா நண்டைத் தூக்கியிருப்பேம்லா?"

"என்னத்தச் சொல்லச் சொல்லுத? வேலை போயி, இத ஒண்ணப் படிச்சி, மொத மொத எனக்குன்னு உக்காந்து செஞ்சிருக்க. அடியில உம் பேரு வேற போட்டிருக்கு. நான் நண்டு இல்லைன்னு சொன்னா, நீ பொய் எழுதிட்டன்னுல்லா ஆயிரும்."

பலவேசத்துக்கு அழுகை வந்தது. ஐம்பது வயசில் பெஞ்சில் உட்கார்ந்து அழக் கூச்சமாக இருந்தது. இலையை மடித்துவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனார். கை கழுவுகிற தண்ணீர் டிரம்முக்கு அந்தப் பலகைதான் மூடியாகக் கிடந்தது. அதை எடுத்து, பாத்திரம் தேய்க்கிற நாரால் பாசி போகத் தேய்த்தார். வெயிலில் காய வைத்தார். காயும்வரை பக்கத்திலேயே குத்தவைத்து இருந்தார்.

கொண்டுபோய் ரெண்டு ஆணியிலும் மாட்டினார்.

"படத்துக்கு நல்லாருக்காதுன்னு சொன்னியே" என்றார் சூசை.

பலவேசம் சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நாற்பத்திரண்டு பதார்த்தத்தையும் எடுத்தார். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது வலித்தது. அலையை எடுத்தார். தன் பெயரையும் எடுத்தார். கடைசியில் கடையின் பேர், போன் நம்பர், போகிற வழி, இவ்வளவுதான் நின்றது. நடுவில் ஒரு கட்டம் விட்டார். காலை பதினோரு மணிக்குச் சூசை பலகையில் எழுதியதும் ஞானப்பூ அதைப் போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் போதும், அந்தக் கட்டத்தில் அது அப்படியே ஏறிக்கொள்ளும். கடையில் ஏதாவது தீர்ந்து சூசை பலகையில் சேர்த்து எழுதினால் மறுபடியும் ஒரு படம்.

டீச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினார். அன்றைய பலகை இருந்தது: 'நண்டு இல்லை. இறால் இல்லை. விளமீன் இல்லை.' எழுத்து கோணல்மாணலாக இருந்தது.

"பதினோரு மாசம் படிச்சவன் செஞ்ச மாதிரியே இல்ல டீச்சர்" என்றார் பலவேசம். "எல்லாத்தையும் அழிச்சதுதான் நான் செஞ்ச வேலை."

டீச்சர் பார்த்தார். டீ வரவழைத்தார். வேலை செய்கிறதா, இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை.

முதல் வாரம் லோடுமேன் ஒருத்தர் வாசலில் நின்று பலகையை வாசித்துவிட்டு உள்ளே வந்தார். சாளை மீன் குழம்பை ஒரு வாய் வைத்தார். எழுந்து வெளியே போனார். சூசை கரண்டியோடு வாசல்வரை ஓடிவந்தார். லோடுமேன் போனது மற்றவர்களைக் கூப்பிட.

திருவிழா வந்தது, முடிந்தது. கடையை மூடுகிற பேச்சைச் சூசை எடுக்கவில்லை. ஞானப்பூவும் ஞாபகப்படுத்தவில்லை.

அப்புறம் காற்று கிளம்பியது. கடலுக்குப் போக வேண்டாம் என்று அறிவித்துவிட்டார்கள். வள்ளம் எல்லாம் கரையேறிக் கிடந்தன. மூன்றாவது நாள் பலவேசம் மாடிப்படியை ரெண்டு ரெண்டாக ஏறி வந்தார். போனை டீச்சர் முன்னால் வைத்தார்.

பலகையில் ஒரே வரிதான் இருந்தது. 'இன்று ஒன்றும் இல்லை. காத்து.'

"மூணு நாளா இதேதான் டீச்சர். பாக்கவே கஷ்டமா இருக்கு. காத்து நிக்கும்வரைக்கும் சைட்ட மூடி வச்சிரட்டுமா? இல்ல, பழைய படம் ஒண்ணு போட்டு வைக்கவா?"

"இன்னைக்கு எத்தன பேர் பாத்தாங்க?"

"நூத்திப் பதினெட்டு."

"கடைக்குப் போன் வந்ததா?"

"ஞானப்பூவுக்குக் காது வலிக்காம். எல்லாரும் ஒரே கேள்வி. என்னைக்குக் கடலுக்குப் போவாங்க, எப்ப வரலாம்னு."

"வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனவங்க?"

பலவேசம் வாயைத் திறந்தார். அவர் இதைச் சூசையிடம் கேட்டிருந்தார். மதுரையிலிருந்து ஒரு காரிலும் திருநெல்வேலியிலிருந்து ஒரு காரிலும் கிளம்ப இருந்தவர்கள், காலையில் போனில் பலகையைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டார்களாம்.

"ஒருத்தரும் இல்ல டீச்சர்."

ஜெனோவா டீச்சர் போனை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"அப்ப வேலை செய்யுது அண்ணாச்சி."