மதிலேறியின் சாட்சி

கோர்னிக்கா என்ற எல்லைப்புற ஊரில் முஃப்தியாக இருந்தார் இத்ரீஸ். மார்க்கச் சட்டத்தில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவரிடம் வருவார்கள். அவருக்கு வயது முப்பத்து நான்கு. அவருடைய மாணவர்களில் மூத்தவர் துர்முஷ். அவருக்கு ஐம்பத்து மூன்று.

துர்முஷ் பாதுஷாவின் குதிரைப்படையில் இருந்தவர். முழங்கால் குதிரைக்கு ஆகாமல் போனபின் எழுத்துப் படிக்க வந்தார். நாணல் பேனாவை ஈட்டி மாதிரிப் பிடிப்பார்.

"அண்ணே, அந்த எழுத்து உங்களை ஒன்றும் செய்யாது. கொஞ்சம் மெதுவாகக் குத்துங்கள்" என்பார் இத்ரீஸ்.

"உங்களுக்குப் பல் முளைக்கும் முன்பே நான் வாள் பிடித்தவன், உஸ்தாத்."

"அது பேனாவுக்கும் தெரிந்திருக்கிறது. பாருங்கள், எப்படி நடுங்குகிறது."

ஊரில் துர்முஷை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மதிலேறி என்பார்கள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் பாதுஷாவின் படை கோர்னிக்காவைச் சூழ்ந்தபோது மதிலில் முதலில் ஏறியவர் அவர் என்று பெயர். அதற்காகத் தளபதி தந்த கொக்கிறகை இன்றும் வெள்ளிக்கிழமைகளில் தலைப்பாகையில் செருகிக்கொள்வார்.

அந்த வருடம் தலைநகரிலிருந்து புதிய சட்டப் புத்தகம் வந்தது. பிடித்த நாடுகளுக்கெல்லாம் ஒரே சட்டம் என்று பாதுஷா உத்தரவிட்டிருந்தார். அதில் ஒரு பிரிவு இப்படிச் சொன்னது: போரிட்டுப் பிடித்த ஊர் என்றால் பழைய குடிகளின் வீடுகள் அரசுக்கு, அவற்றைப் படைவீரர்களுக்குப் பிரித்துத் தரலாம். அடைக்கலம் கேட்டுத் தானே கதவைத் திறந்த ஊர் என்றால் வீடுகள் குடிகளுக்கே.

கோர்னிக்கா எந்த வகை?

குடிகள், நாங்கள்தான் திறந்தோம் என்றார்கள். வீடு அவர்களுடையது என்பதால் அவர்கள் சாட்சி செல்லாது. தளபதி இறந்துவிட்டார். படையின் பதிவேட்டில் இரண்டே வரி இருந்தது. போரிட்டுப் பிடித்தோம். மதிலில் முதலில் ஏறியவர் துர்முஷ்.

வியாழக்கிழமை காஜியின் மன்றத்தில் விசாரணை. முந்நூறு வீடுகள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பாடம் முடிந்து மற்றவர்கள் போனபின்னும் துர்முஷ் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு கேள்வி இருக்கிறது, உஸ்தாத்."

"சொல்லுங்கள்."

"முறைப்படி எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன்."

முஃப்தியிடம் கேட்கும் கேள்வியில் யாருடைய பெயரும் வராது. கேட்பவன் எதிரே நின்றாலும் கேள்வியில் அவன் பெயர் ஜைது. வெட்கப்படுகிறவனும் கேட்கட்டும் என்று யாரோ இரக்கப்பட்டு வைத்த வழக்கம்.

துர்முஷ் தாளைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு வாசித்தார். "ஜைது ஒரு மதிலில் முதலில் ஏறினார் என்று ஊர் சொல்கிறது. ஜைது தானாக ஒரு பொய்யும் சொல்லவில்லை. ஊர் சொன்னதை மறுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஜைது வாய் திறக்க வேண்டுமா, சும்மா இருந்துவிடலாமா?"

இத்ரீஸ் தாளை வாங்கிப் பார்த்தார். முன்னும் பின்னும் திருப்பினார்.

"மதிலைப் பார்க்காமல் எப்படிப் பதில் எழுதுவது?"

"அது ஜைதின் மதில், உஸ்தாத். எங்கேயோ இருக்கிறது."

"நம்மூரிலும் ஒன்று இருக்கிறதே. எழுந்திருங்கள்."

மேற்குக் கதவுக்கு வெளியே மிலிச்சா கஷ்கொட்டை வறுத்துக்கொண்டிருந்தாள். துர்முஷின் பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அடுப்பைச் சுற்றி நாலைந்து பேர் குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள்.

இத்ரீஸ் மதிலை அண்ணாந்து பார்த்தார். தலைப்பாகையைக் கழற்றித் துர்முஷின் கையில் கொடுத்தார். செருப்பை விட்டார். அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகினார்.

"முதல் காலை எங்கே வைத்தார் ஜைது?"

"உஸ்தாத், ஆட்கள் பார்க்கிறார்கள்."

"ஜைதையும் பார்த்திருப்பார்கள். இந்தக் கல்லா?"

ஏறத் தொடங்கிவிட்டார். அடுப்பருகே இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"முஃப்திக்கு என்ன ஆயிற்று?"

"காய்ச்சலாக இருக்கும்."

"படிப்பு அதிகமானால் இப்படித்தான்."

மிலிச்சா கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாள். "மதிலேறியாரே, உங்கள் வாத்தியாருக்கு வழி சொல்லுங்கள். உங்களுக்குத் தெரியாததா?"

இத்ரீஸ் இப்போது இரண்டு ஆள் உயரத்தில் இருந்தார். அவர் கால் பட்ட கல் ஒன்று பெயர்ந்து கீழே விழுந்தது. அவர் கைகளில் தொங்கினார்.

"இறங்குங்கள்!" என்று கத்தினார் துர்முஷ். "அதில் ஏற முடியாது!"

"கொஞ்சம் இடப்பக்கமாகப் போகட்டுமா?"

"எந்தப் பக்கமும் முடியாது! யாராலும் முடியாது! நான் ஏறவே இல்லை!"

அடுப்பில் ஒரு கஷ்கொட்டை வெடித்தது.

மேலிருந்து இத்ரீஸ் கேட்டார். "பிறகு?"

"முதலில் இறங்குங்கள், உஸ்தாத்."

"எப்படி இறங்குவது என்று தெரியவில்லை, அண்ணே."

துர்முஷ் மதிலோடு ஒட்டி நின்று இரண்டு கையையும் உயர்த்தினார். இத்ரீஸ் கல் கல்லாகச் சறுக்கி அவர் தோளில் வந்து உட்கார்ந்தார். குதிரைக்கு ஆகாத முழங்கால் வலித்தது. ஆனாலும் துர்முஷ் அவரை இறக்கிவிடவில்லை. எதிரே முகம் எதுவும் இல்லாததால் பேச முடிந்ததோ என்னவோ, மதிலைப் பார்த்தே பேசினார்.

"ஊர்ப் பெரியவர்கள் இங்கே வந்து அடைக்கலம் கேட்டார்கள். உங்கள் உயிருக்கும் வீட்டுக்கும் நான் பொறுப்பு என்று தளபதி சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் தாழ்ப்பாளை நீக்கினாள். சத்தம் போடாமல் வாருங்கள், குழந்தை தூங்குகிறது என்றாள். கொடியை மேலே கட்டு என்று தளபதி என்னை அனுப்பினார். உள்பக்கம் படி இருக்கிறது. படியில்தான் போனேன். வெளியே நின்ற படை என்னை மதில்மேல் பார்த்து ஆரவாரம் செய்தது. சண்டையே இல்லாத ஊருக்காகத் தலைநகரில் யார் தளபதியைக் கொண்டாடப் போகிறார்கள்? அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கையசைத்தேன்."

"ரொம்ப நேரம் அசைத்தீர்கள்" என்றாள் மிலிச்சா. "குழந்தை எழுந்துவிட்டது."

துர்முஷ் மெல்லத் திரும்பினார். அவர் தோளில் இத்ரீஸும் திரும்பினார்.

"உன் வீடும் போகப்போகிறது, மிலிச்சா. ஏன் ஒரு நாளும் என்னிடம் வந்து கேட்கவில்லை?"

"கேட்டு, நீங்கள் அப்படியொன்றும் நடக்கவில்லை என்று சொல்லிவிட்டால்? அப்புறம் ஒரே சுவரை வைத்துக்கொண்டு எப்படிக் குடியிருப்பது?"

துர்முஷ் குனிந்து ஆசானை இறக்கிவிட்டார். தலைப்பாகையைத் தட்டி அவர் கையில் கொடுத்தார்.

"ஜைதுக்கு என்ன பதில், உஸ்தாத்?"

"ஜைது போய்விட்டார் போலிருக்கிறதே, அண்ணே. நீங்கள்தான் நிற்கிறீர்கள்."

மிலிச்சா ஒரு கை கஷ்கொட்டையை எடுத்து இருவருக்கும் பங்கிட்டாள். சூடாக இருந்தது. இத்ரீஸ் கை மாற்றி மாற்றிப் பிடித்தார்.

வியாழக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் துர்முஷின் பழைய படைத் தோழர்கள். புதிய சட்டம் வந்ததிலிருந்து அவர்கள் பழைய குடிகள் வாழும் கீழத்தெரு வீடுகளை ஒவ்வொன்றாக நடந்து பார்த்து வைத்திருந்தார்கள். தோட்டம் உள்ள வீடு எது, கிணறு உள்ள வீடு எது என்று அவர்களுக்குத் தெரியும். பின்வரிசையில் மிலிச்சாவும் கீழத்தெருக்காரர்களும்.

காஜி பதிவேட்டை விரித்தார். "மதிலில் முதலில் ஏறியவர் துர்முஷ் என்று இருக்கிறது. அது நீங்கள்தானா?"

"பெயர் என்னுடையதுதான், எஜமான். ஆனால் அன்றைக்கு மதிலில் யாரும் ஏறவில்லை. ஊரார் கதவைத் திறந்துவிட்டார்கள். நடந்துதான் போனோம்."

"இருபத்திரண்டு வருடம் ஏன் சொல்லவில்லை?"

"நன்றாக இருந்தது, எஜமான்."

யாரோ சிரித்தார்கள். காஜி சிரிக்கவில்லை. அடைக்கலம் தரப்பட்டதா, யார் தந்தார், என்ன சொல்லித் தந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். துர்முஷ் ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில், வெள்ளிக்கிழமை இல்லாதபோதும் அன்று செருகி வந்திருந்த கொக்கிறகைத் தலைப்பாகையிலிருந்து எடுத்துக் காஜியின் முன்னால் வைத்தார்.

தோழர்களில் ஒருவர் எழுந்து வெளியே போனார். துர்முஷோடு பன்னிரண்டு வருடம் ஒரே கூடாரத்தில் படுத்தவர். போகும்போது அவர் பக்கம் திரும்பவில்லை.

காஜி எழுதினார். கோர்னிக்கா கதவு திறந்த ஊர். வீடுகள் குடிகளுக்கே.

பின்வரிசையில் ஒரு கிழவர் சத்தமாக அழுதார். மிலிச்சா அவரை அதட்டினாள். அதட்டும்போது அவள் குரலும் சரியாக இல்லை.

வெளியே வெயில் வந்திருந்தது. துர்முஷ் தலைப்பாகையை இரண்டு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். தெருமுனையில் நின்ற வீரன் ஒருவன், "படியேறியாரே, பார்த்துப் போங்கள், வழுக்கும்!" என்றான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இத்ரீஸ் நடையைக் குறைத்து அவரோடு சேர்ந்து நடந்தார். இருவரும் சந்தையைத் தாண்டினார்கள்.

"உஸ்தாத்."

"ம்."

"என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஊரை ஜெயித்தேன் என்று நினைத்திருந்தேன். அதையும் ஜெயிக்கவில்லை என்று நானே போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அன்றைக்கு அங்கே ஒன்றுமே நடக்கவில்லையா?"

இத்ரீஸ் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்றைக்கு நீங்கள் உள்ளே போனீர்கள், அவ்வளவுதான். ஊர் இன்று காலைதான் நமக்குக் கிடைத்தது."