பூவரச மரத்து மாவுப்பூச்சி

தெருமுனைப் பூவரச மரத்தடிதான் ஏகாம்பரத்துக்கு இஸ்திரிக் கடை. வண்டி போட்டு இருபது வருஷம் ஆகிறது. இந்தக் கோடையில் மரம் பூராவும் மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிவிட்டு, தேய்த்த துணிமேல் பிசுபிசுவென்று பாகைச் சொட்டவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பூச்சி போகாவிட்டால் மரத்தை வெட்டிவிடுவதென்று தெருவில் முடிவுகட்டிவிட்டார்கள். நிழல் போனால் பிழைப்பும் போச்சு. மனுஷன் ஆடிப்போய்விட்டார்.

அவருக்கு ஒரு குரு உண்டு, ரெஹானா. வாராவாரம் பூங்காவில் பூச்சிகளைப் பற்றிச் சொல்லித்தருகிறவர். அவரைவிட இருபது வயது சின்னவர்தான். அதனாலென்ன, ஏகாம்பரம் ஒரு வகுப்பு விட்டதில்லை.

"டீச்சர், நல்ல மருந்தா ஒண்ணு சொல்லுங்க. போன மாசம் அடிச்சேன். போன வேகத்துல திரும்பி வந்துடுச்சு."

ரெஹானா மருந்துப் பேச்சே எடுக்கவில்லை. எதிரே மைதானத்துக்குக் கூட்டிப்போனார். அங்கேயும் ஒரு பூவரசு, வெறும் மண்ணில் நின்றது. இலை இலையாகத் திருப்பிப் பார்த்ததில் நாலைந்து பூச்சிதான் கிடைத்தது.

"அதே மரம், அதே பூச்சி. என் மரத்துல மட்டும் ஏன் டீச்சர் இந்த அக்கிரமம்?"

திரும்பி வந்தார்கள். மத்தியானம் இரண்டு மணி.

"செருப்பைக் கழட்டிட்டு அடிமரத்துக்கிட்ட நில்லுங்கண்ணே."

அடிமரத்தை ஒட்டிச் சுற்றிலும் சிமென்ட். சேறு தெறித்துத் துணி பாழாகிறதென்று போன வருஷம் அவரே ஆசையாகப் பூசியது. ஏறி நின்றவர், "ஐயோ!" என்று குதித்து இறங்கினார்.

"கொதிக்குது டீச்சர்!"

"மழை பெஞ்சா இதுக்குள்ள தண்ணி இறங்குமா?"

"எங்க இறங்கும்? தெருவுக்கு ஓடிடும்."

"வெக்கையில வாடுற மரம்னா இந்தப் பூச்சிக்குக் கொண்டாட்டம். எதிர்த்து நிக்க மரத்துக்குத் தெம்பு ஏது?"

"அதெல்லாம் சரி டீச்சர். ஞாயித்துக்கிழமை வந்து வெட்டுறேன்றாங்களே! மருந்தைச் சொல்லுங்க."

ரெஹானா வண்டியிலிருந்த தண்ணீர்ச் சொம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பருத்திச் சட்டைக்குத் தண்ணி தெளிக்காம பெட்டியை வைப்பீங்களா?"

"வைப்பேனா? கருகிடுமே!"

"அப்புறம் மரத்து வேர்மேல மட்டும் ஏண்ணே தண்ணியில்லாம சூட்டை வச்சீங்க?"

ஏகாம்பரம் சொம்பை வண்டியில் வைத்தார். எதிர்வீட்டுக்குப் போய்க் கடப்பாரை வாங்கிவந்து, அடிமரத்துச் சிமென்டைப் பெயர்க்க ஆரம்பித்தார்.