தானே ஏற்றி, தானே இறக்கும் வண்டி

கொன்றையூரை ஆண்ட பூவரசன் ராஜாவுக்கு மாடு என்றால் உயிர். தொழுவத்தில் முந்நூறு மாடுகள். அறுவடை முடிந்து, தீனிக்கான வைக்கோல் எல்லாம் அரைக் காத தூரத்தில், மருதங்குளத்து வயலில் கட்டுக்கட்டாகக் கிடந்தது. தொழுவத்திலோ ஒரு பிடி இல்லை. பசித்த பிள்ளைகள் மாதிரி மாடுகள் கத்த, ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வைக்கோல் ஏற்ற நல்ல சாதனமாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்" என்றார் ராஜா.

மந்திரி வேதாசலம் முந்திக்கொண்டார். பன்னிரண்டு சக்கரம் வைத்த பெரிய வண்டி ஒன்றை அனுப்பினார். அது முதல் வரப்பிலேயே புதைந்து உட்கார்ந்துவிட்டது. அடுத்து யானைகளை அனுப்பினார். அவை பாதி வழியில் முதுகுச் சுமையைத் தும்பிக்கையால் உருவி உருவித் தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு வெறும் முதுகோடு வந்தன.

சபையில் சிரிப்பை அடக்க முடியாமல் இருமியவர் அமுதப்பன். ராஜாவுக்கு யோசனை சொல்கிறவர், ஒல்லியான மனுஷர்.

மந்திரிக்குச் சுருக்கென்றது. "சிரிக்கிறவர் செய்து காட்டட்டுமே! முடியாவிட்டால் அவ்வளவு வைக்கோலையும் அவரே தலையில் சுமக்கட்டும்!"

"சரிதான்" என்றார் ராஜா. "என்னய்யா, சம்மதமா?"

அமுதப்பன் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சம்மதம் மகாராஜா. தானே ஏற்றிக்கொள்ளும், தானே நடக்கும், தானே இறக்கும். அப்படி ஒரு வண்டி இருக்கிறது. தொழுவத்துக் கோனார்களை மட்டும் என்னோடு அனுப்புங்கள். நாளைக் காலையில் வயலுக்கு வாருங்கள்."

மறுநாள் ராஜா வந்தார். மந்திரியும் வந்தார், கையில் சுமைக்கு அடியில் வைக்கும் ஒரு சும்மாட்டுத் துணியோடு. அமுதப்பன் தலைக்குத்தான்.

வயலில் பார்த்தால், முந்நூறு மாடுகளும் நின்று நிதானமாக வைக்கோல் மென்றுகொண்டிருந்தன. ஊர்க் குடியானவர்கள், "எங்க வயல்லயும் ரெண்டு நாள் கிடை போடுங்க சாமி!" என்று அமுதப்பனைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அறுத்த வயலில் மாட்டைக் கட்டினால் எரு சேருமே, யாருக்குத்தான் கசக்கும்?

"வண்டி எங்கே ஓய்?" என்றார் மந்திரி.

"முந்நூறு வண்டி நிற்கிறதே, தெரியவில்லையா? வைக்கோலுக்குக் கால் இல்லை, மாட்டுக்கு நாலு இருக்கிறது. அதனால் மாட்டை நடக்கச் சொன்னேன்."

ராஜாவுக்குச் சிரிப்பில் உதடு துடித்தது. ஆனாலும் விடவில்லை. "ஏற்றுவதைப் பார்த்தேன். நடப்பதும் சரி. இறக்குவது?"

பக்கத்தில் நின்ற காரிப்பசு வாலைத் தூக்கியது. தொப்!

"இறக்கியாச்சு மகாராஜா" என்று கைகூப்பினார் அமுதப்பன்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மந்திரிக்குப் பொறுக்கவில்லை. "எல்லாம் சரி, அரண்மனைக்குப் பால் யார் கொண்டுவருவது? இங்கேயிருந்து அவ்வளவு தூரம்!"

"பாலைக் குடத்தில் கொண்டுபோகலாம் மந்திரியாரே. வைக்கோலைக் குடத்தில் அடைக்க முடியுமா?"

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அமுதப்பன் கழுத்தில் போட்டார். அப்புறம், அப்போதுதான் கறந்து நுரை தளும்பிய ஒரு குடத்தைப் பார்த்தார். மந்திரியின் கையைப் பார்த்தார்.

"நல்லவேளை மந்திரியாரே," என்றார், "சும்மாடு கொண்டுவந்திருக்கிறீர்!"