பரங்கித் தோட்டத்துத் திருடன்

வெள்ளாற்றங்கரைப் பாளையத்தை ஆண்ட பெத்தண்ண நாயக்கருக்குப் பரங்கிக்காய்க் கூட்டு இல்லாமல் சோறு இறங்காது. சந்தைக் காய் ஆகாது. அரண்மனைக்குப் பின்னால், அவர் கண்ணெதிரே காய்த்த காய்தான் வேண்டும். ராஜா என்றால் அப்படித்தான்.

அந்தத் தோட்டம் பேச்சிமுத்துவின் பொறுப்பு. கைபட்டதெல்லாம் துளிர்க்கும். ஆனால் தலைப்பாகை கட்டியவரைக் கண்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வினை அங்கேதான் பிடித்தது.

அந்த வருஷம் தோட்டத்தை மந்திரியான பிரதானி நல்லதம்பியின் மேற்பார்வையில் விட்டார்கள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொடிகளைச் சுற்றிவந்தார். சில பூக்களின் அடியில் சுண்டைக்காய் அளவு பிஞ்சு இருந்தது. மற்றவை வெறும் காம்பின் மேல் நின்றன.

"இதெல்லாம் எதற்கு?" என்றார் பிரதானி. "எருவைத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கிற தண்டச்சோறு. தினமும் விடிந்ததும் பறித்துவிடு."

"சாமி, அது இருந்தாத்தான்..." என்று இழுத்தான் பேச்சிமுத்து.

பிரதானி திரும்பிப் பார்த்தார். மீதிப் பேச்சு தொண்டையோடு நின்றுவிட்டது.

பறித்த பூவை மடைப்பள்ளியில் மாவில் தோய்த்துப் பொரித்தார்கள். நாயக்கர் ஒன்று கடித்தார், கண்ணை மூடினார். மறுநாளிலிருந்து காலைப் பலகாரம் பரங்கிப்பூ பஜ்ஜிதான். பிரதானிக்கு ஒரு சால்வை கிடைத்தது.

ஒரு மாதம் போயிற்று. தோட்டத்தில் பிஞ்சு வந்தது, மஞ்சளித்தது, அழுகி விழுந்தது. ஒன்றுகூடக் காயாகவில்லை. நாயக்கர் கூட்டில்லாத இலையைத் தள்ளிவிட்டு எழுந்தார். பிரதானிக்குப் பழியைப் போட ஒரு தலை வேண்டுமே. பேச்சிமுத்துவின் குடிசைக்கு ஆள் அனுப்பினார். அங்கே அவன் பெண்டாட்டி இருளாயி கூரையில் ஏற்றிவிட்ட கொடியில் பதினோரு பரங்கிக்காய், குடம் குடமாக.

போதாதா? சபையில் அவனை இழுத்துவந்து நிறுத்தினார்கள். ராஜா தோட்டத்துக் காயைத் தின்று, மிச்சத்தைத் தன் கூரையில் ஏற்றிவிட்டான் என்றார் பிரதானி. கூரையில் இருந்த காய் காம்போடு கொடியில்தானே தொங்குகிறது என்று யாரும் கேட்கவில்லை. பேச்சிமுத்து வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது.

"என் பரங்கியைக் காயாக விடாமல் தின்றவன் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும்" என்றார் நாயக்கர்.

அப்போது எழுந்தான் கூத்தையன். நாயக்கரைச் சிரிக்கவைக்கச் சம்பளம் வாங்குகிறவன். அன்று சிரிக்கவில்லை. பத்து நாள் தவணை கொடுத்தால் திருடனைத் தானே பிடித்துத் தருவதாகவும், தோற்றால் தானும் பேச்சிமுத்துவோடு எல்லை தாண்டுவதாகவும் சொன்னான்.

"பிடித்த பிறகு யாரும் இரக்கம் காட்டக் கூடாது" என்றான்.

"திருடன் யாராக இருந்தாலும் தண்டனை ஒன்றுதான்" என்று முந்திக்கொண்டார் பிரதானி. நாயக்கரும் தலையசைத்தார்.

கூத்தையன் நேரே குடிசைக்குப் போனான். சொந்த வீட்டில் பேச்சிமுத்துவின் நாக்கு அவிழ்ந்தது. பிஞ்சுள்ள பூ பெண், பிஞ்சில்லாதது ஆண். ஆண் பூவின் பொடி பெண் பூவில் பட வேண்டும். வண்டு அதைச் செய்யும், வண்டு இல்லாவிட்டால் கையாலும் செய்யலாம் என்று மடமடவெனக் கொட்டித் தீர்த்தான்.

"இதை அங்க சொல்லத்தான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்" என்றாள் இருளாயி. "சபைக்குப் போனா மனுசன் மண்ணாங்கட்டி ஆயிடுறாரு."

மறுநாள் விடியலில் கூத்தையன் நாயக்கரைத் தோட்டத்துக்கு அழைத்துவந்தான். இருளாயியின் கூரையில் பறித்த ஆண் பூ ஒன்று அவன் கையில் இருந்தது. இதழ்களை உரித்தான். நடுவில் மஞ்சள் பொடி பூசிய திரி மட்டும் நின்றது. அதை நாயக்கர் கையில் கொடுத்து, விரிந்திருந்த மூன்று பெண் பூக்களின் நடுவில் தடவச் சொன்னான். அந்த மூன்றின் காம்பிலும் சிவப்பு நூல் கட்டினான். மற்றவற்றைத் தொடவில்லை. தோட்டத்துக்குக் காவல் போட்டார்கள். விடியற்காலைப் பூப்பறிப்பு மட்டும் வழக்கம்போல் நடந்தது.

பத்தாம் நாள் எல்லாரும் கூடினார்கள். நூல் கட்டிய மூன்றும் தேங்காய் அளவு பருத்துக் கிடந்தன. மற்றவையெல்லாம் அழுகி விழுந்திருந்தன.

"மகாராஜாவின் கைராசி" என்றார் பிரதானி.

நாயக்கர் மீசையைத் தடவிக்கொண்டார். ஆனால் மூளை உள்ளவர். "கையில் இருந்தது அந்தப் பொடிதானே" என்றார். "அந்தப் பூ என் தோட்டத்தில் ஏன் இல்லை?"

"அதைத்தான் திருடன் தின்றுவிட்டான், மகாராஜா. பொடி போனது, அதனால் காயும் போனது. ஆள் அகப்பட்டுவிட்டார். தண்டனையில் மாற்றம் இல்லையே?"

"இல்லவே இல்லை" என்றார் பிரதானி.

"நாற்பது நாளாக, தினமும் காலையில், மாவில் தோய்த்து, சுடச்சுட, தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியோடு தின்றிருக்கிறார்" என்றான் கூத்தையன். "மகாராணியாரை மூட்டை கட்டச் சொல்லட்டுமா?"

பிரதானி தன் சால்வையை மெதுவாக உருவி அக்குளில் ஒளித்தார். நாயக்கர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். வயிறுதான் முதலில் குலுங்கியது, பிறகு மீசை, பிறகு ஆளே. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சொன்ன வாக்குக்காக நாயக்கர் குடும்பத்தோடு எல்லைக்கல்லுக்கு அப்பால் போய், புளியோதரை சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவந்தார். சால்வை கூத்தையனுக்குப் போனது. தோட்டம் பேச்சிமுத்துவுக்கே. பூவைத் தின்ன வைத்த பிரதானிக்கும் ஒரு வேலை கிடைத்தது: காய்ப்பு முடியும்வரை, தினமும் விடியலில், ஒவ்வொரு பெண் பூவுக்கும் தன் கையாலேயே பொடி தடவ வேண்டும்.

முதல் நாள் பிரதானி தலைப்பாகையோடு குனிந்து, திரியைப் பூவில் போட்டு அழுத்தினார். பின்னால் ஒரு குரல் கேட்டது. தெளிவான குரல், ஒட்டவும் இல்லை, இழுக்கவும் இல்லை.

"மெதுவா, சாமி" என்றான் பேச்சிமுத்து. "இன்னும் நாப்பது பூ இருக்கு."