நூறு மூட்டை காய்த்த மிளகுக்கொடி

கொல்லிமலையில் செம்பாயி என்று ஒருத்தி. ஒரு ஏக்கர் மிளகில் வருஷம் பூராவும் பாடுபட்டு மூணு மூட்டை தேற்றி, வியாபாரி ரத்தினவேலுவின் கிடங்கில் கொண்டுபோய் இறக்கினாள்.

அன்றைக்குப் பார்த்து, காட்டை அழித்து விளைந்த மிளகை வாங்கமாட்டோம் என்கிற ஒரு கம்பெனியிலிருந்து அதிகாரியம்மா வந்து உட்கார்ந்திருந்தார். அவர் எதிரில் ரத்தினவேலுவுக்கு மிதப்பு தாங்கவில்லை.

"ஒவ்வொரு மிளகும் எந்தக் கொடியில காய்ச்சதுன்னு சொல்லு, எடுத்துக்கறேன். இல்லாட்டி தூக்கிட்டுப் போ. அங்க பாரு, நூறு மூட்டை. அம்புட்டும் என் ரெண்டு ஏக்கர்ல விளைஞ்சது. காட்டுல ஒரு மரம் சாய்க்கல."

செம்பாயி கைகூப்பினாள். "நூறு மூட்டையா முதலாளி? அந்தக் கொடியில எனக்கு ஒரு துண்டு குடுங்க, நட்டுக்கறேன். கொடி கேட்டவங்களுக்கு இல்லேன்னு சொல்றது நம்ம மலையில வழக்கமில்லையே."

"நாளைக்குக் குடுத்தனுப்பறேன், போ."

"கேட்டவ கையாலதானே வெட்டிக்கணும்? வாங்க, இப்பவே போவோம்."

அதிகாரியம்மா செம்பாயியின் மூணு மூட்டையைப் பார்த்தார், அந்த நூறைப் பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தார். "எனக்கும் அந்தக் கொடியப் பாக்கணும்."

ரத்தினவேலுவுக்குத் திடீரென்று முட்டி வலி வந்துவிட்டது. "அப்ப வழிய மட்டும் சொல்லுங்க, நாங்களே போய்ப் பாத்துக்கறோம்" என்றார் அதிகாரியம்மா. காட்ட அப்படியொரு தோட்டம் இல்லாததால், எந்தெந்தக் காட்டை அழித்த மிளகு அது என்று உட்கார்ந்த இடத்திலேயே ரத்தினவேலு ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அதிகாரியம்மா செம்பாயி தோட்டத்துக்கு ஏறிப்போய்ப் பார்த்தார். சாயங்கால லாரியில் அவளுடைய மூணு மூட்டை மட்டும் மலையிறங்கியது.

இப்போதும் ரத்தினவேலு தெருவில் இறங்கினால் யாராவது பணிவாகக் கேட்கிறார்கள்: "முதலாளி, கொடி ஒரு துண்டு கிடைக்குமா?"