சிவப்பாய் வியர்த்த தொட்டி

முன்னொரு காலத்தில் மடுவூர் நாட்டை விடங்கராயன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். நினைத்தது அந்த நிமிஷமே நடந்தாக வேண்டும் அவனுக்கு. ஒரு வருஷம் ஏரி மதகுச் சுவர் விரிசல் விட்டுவிட்டது. மழைக்காலமோ நெருங்கிவிட்டது. ஏரிக்குக் கீழே நெசவாளர் தெரு. சுவர் போனால் குஞ்சு குழந்தைகளோடு அந்தத் தெருவே போய்விடும்.

கடுக்காய்ச் சாந்து வைத்துக் கட்டி, ஈர வைக்கோல் போர்த்தி, நாள் கணக்கில் நனைத்துவர வேண்டும் என்றார் மந்திரி இடங்கழியார். அவரைக் கண்டாலே வயிறு எரியும் சொக்கப்பனாருக்கு. சபையில் அவரும் ஒரு பெரிய மனிதர். வெற்றிலை மென்று துப்புவதற்குள் இறுகும் சாந்து தம்மிடம் இருக்கிறதென்று, அங்கேயே ஒரு தொட்டி வார்த்துக் காட்டினார். கலக்கும்போதே அது கொதித்து ஆவி விட்டது. சற்று நேரத்தில் கல்லாகிவிட்டது. மடுவூரில் சாந்தைத் தட்டிப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள். அரசன் தட்டினான். வெண்கலம் போல ஒலித்தது. சொக்கிப்போனான்.

மந்திரி ஒரே ஒரு சோதனை கேட்டார். தோற்றால் பதவியை விட்டுவிடுவதாகவும் சொன்னார். அந்தத் தொட்டியில் நெசவாளரின் சிவப்புச் சாயத் தண்ணீரை ஊற்றி உயரே வைத்தார்கள். கீழே சொக்கப்பனார் வெள்ளைப் பட்டோடு உட்கார்ந்தார். பக்கத்தில், மந்திரி வீட்டுக் கிணற்றடியில் நனைந்தே கிடந்த கடுக்காய்ச் சாந்துத் தொட்டி, அதிலும் அதே சாயத் தண்ணீர். அதன் கீழே மந்திரி.

பொழுது சாயும் முன்பே முதல் தொட்டி வியர்த்தது. முத்து முத்தாய், சிவப்பாய். சொக்கப்பனாரின் தோளில் ஒரு சொட்டு விழுந்தது.

"கூரை ஒழுகுகிறது, மன்னா."

"மண்டை பிளக்கும் வெயில் ஐயா வெளியே. ஒழுகினாலும் என் கூரை சிவப்பாகவா ஒழுகும்?"

இரண்டையும் உடைக்கச் சொன்னார் மந்திரி. அவருடைய தொட்டியில் மேல்தோல் மட்டுமே சிவந்திருந்தது. மற்றதில், அத்தனை கெட்டியான கல்லுக்குள்ளே, மயிரிழை மயிரிழையாகச் செந்நிற வேர்கள் ஓடியிருந்தன. அரசன் விரலால் அந்த இழைகளைத் தடவியபடியே நின்றான்.

"கல்லுக்குள் இவ்வளவு வழியா?" என்றான் மெதுவாக.

"அவசரமாய் இறுகும்போது உள்ளே தண்ணீர் இருந்த இடமெல்லாம் திறந்தே நின்றுவிட்டது, மன்னா. நனைந்து நனைந்து இறுகுவது அந்த வழிகளைத் தானே அடைத்துக்கொள்ளும். பலம் இரண்டுக்கும் உண்டு. ஆனால் ஏரி தட்டிப் பார்க்காது, வழி தேடும்."

கடுக்காய்ச் சுவர் இறுகுவதற்குள் மழை வந்துவிட்டால் என்ன செய்வது என்று அரசன் பதறினான். சொக்கப்பனாரின் சாந்தால் முன்னே ஒரு தடுப்பு எழுப்பலாம், கசிந்தாலும் சில காலம் தாங்கும், அதன் மறைவில் நல்ல சுவர் நிதானமாய் இறுகட்டும் என்றார் மந்திரி.

அரசன் தன் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான். சொக்கப்பனாருக்கும் ஒரு வேலை கொடுத்தான். தமது தடுப்பில் கசியும் தண்ணீரைத் தாமே மொண்டு, மந்திரியின் சுவரை அவர் தினமும் நனைக்க வேண்டும்.

நனைத்தார். ஐப்பசியில் ஏரி தளும்பியது. நெசவாளர் தெருவில் ஒரு தறிக்குழிகூட ஈரமாகவில்லை.